ஏரல் பஜார் சிறு வியாபாரிகளுக்கு வெள்ள நிவாரணத்தைக் கடனாக அல்லாமல் மானியமாக வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மெயின் பஜார் பலசரக்குக் கடைக்காரர் மற்றும் கீழே கையெழுத்திட்டுள்ள சிறு வியாபாரிகள்,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் சரக்கையும் கணக்கையும் இழந்த கடைகளுக்கு மானியம் கோருதல் தொடர்பாக.

பார்வை: பொங்கல் கழிந்த வாரத்திலும், பங்குனியிலும், ஆடி அமாவாசைக்கு முன்பும் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூன்று மனுவுக்கும் ரசீது இருக்கிறது, பதில்தான் வரவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். அங்கே போனால் எதுவும் வரவில்லை என்கிறார்கள். அதனால்தான் நான்காவது முறையாகத் தங்களிடமே வந்திருக்கிறோம்.

ஏரலைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் குரும்பூர், குரங்கணிப் பக்கமிருந்தும் கல்யாணச் சாமான், பாத்திரம், ஜவுளி எல்லாவற்றுக்கும் சனங்கள் இங்கேதான் வருவார்கள். அமாவாசைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் பஜாருக்குள் ஒரு சுற்று வராமல் ஊர் திரும்ப மாட்டார்கள். மார்கழி பிறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 17, எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் பெய்யத் தொடங்கிய மழை 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். அணைத் தண்ணீரும் உடைந்த குளங்களின் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணி எங்கள் பஜாருக்குள்ளேயே ஓடியது. வரும் 2024 மார்கழி பிறந்தால் ஒரு வருடம். எங்கள் கோரிக்கைகள்:

1. குடும்பத்துக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாயை நன்றியோடு வாங்கிக்கொண்டோம். அது வீட்டுக்கு ஆனது. கடைக்கு வந்தது கடன் அறிவிப்பு மட்டும்தான். பொங்கல் வியாபாரத்துக்கென்று கடனுக்கு எடுத்த சரக்கு ஆற்றோடு போய்விட்டது; அந்தக் கடன் போகவில்லை. அதன் மேல் இன்னொரு கடனை எப்படி ஐயா வாங்குவது?

2. இடிந்த வீடு, அழிந்த பயிர், செத்த மாடு, சேதமான படகு ஆகியவற்றுக்கு இவ்வளவு என்று பேரிடர் நிவாரண விதியில் இருக்கிறது. கடைச் சரக்குக்கு அதில் இடம் இல்லை. ஆகவே தாங்கள் அரசுக்குப் பரிந்துரைத்துச் சிறப்பு அனுமதி பெற்றுத் தர வேண்டும்.

3. எல்லாவற்றையும் விட எங்களை வதைப்பது 'ஆதாரம்' என்ற ஒரு சொல்தான். போகிற இடமெல்லாம் கொள்முதல் பில், இருப்புப் பதிவேடு, நஷ்டக் கணக்கு கேட்கிறார்கள். தண்ணீர் வடிந்து நான் ஷட்டரைத் தூக்கியபோது முழங்கால் வரை சேறு. அரிசி மூட்டைகள் ஊதி வெடித்துக் கிடந்தன. பாசிப்பயறு மூட்டையில் சாக்கைத் துளைத்துக்கொண்டு முளை வந்திருந்தது. கல்லாப்பெட்டிக்குள் இருந்த பில் கட்டு கையில் எடுத்ததும் கூழாக ஒழுகியது. பற்று நோட்டு ஒன்றுதான் உருவத்தோடு கிடைத்தது. வெயிலில் காயவைத்துப் பிரித்தால் பக்கம் பக்கமாக நீலக் கறைதான். ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அதில்தான் இருந்தது. சில பேர் தாமாக வந்து, "அண்ணாச்சி, எம் பேர்ல இவ்வளவு இருந்துச்சு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்ததுதானே, மற்றவர்களிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்? ஆனால் மொத்த வியாபாரியிடம் என் பில் பத்திரமாக இருக்கிறது. நான் தர வேண்டியதற்கு ஆதாரம் உண்டு, எனக்கு வர வேண்டியதற்கு இல்லை. ஆற்றில் போன பேப்பரை ஆற்றிலா போய்த் தேடுவது? பத்து மாதமாக இதைத்தான் ஐயா கேட்கிறோம், ஒருவரும் பதில் சொல்லவில்லை!

4. பேரூராட்சியில் கட்டிய வரி, கடையின் மின் இணைப்பு, கிராம நிர்வாக அலுவலரின் நேரடி விசாரணை, இவற்றையே ஆதாரமாக ஏற்க வேண்டும். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு இன்னும் இருக்கிறது, யாரை வேண்டுமானாலும் அனுப்பிப் பாருங்கள்.

5. கடை ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாயாவது மானியமாக வேண்டும். திருப்பிக் கட்டும் கடனாக வேண்டாம்.

6. தள்ளுவண்டி, தரைக்கடை வைத்திருந்தவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் கேட்பதற்கு வரி ரசீதுகூட இருக்காது.

ஐயா, பாதிச் சரக்கோடுதான் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்கிற நாலு சாமானில் ரெண்டு இல்லை என்றால் அடுத்த முறை வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் அவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. எங்களுக்குக் கடன் வேண்டாம், மானியம் கொடுங்கள். இந்த மனுவுக்காவது எழுத்தில் ஒரு பதில் தரும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏரல் பஜார் சிறு வியாபாரிகள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)

இணைப்பு:
1. முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்.
2. பற்று நோட்டு. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் நகல் எடுக்க முடியவில்லை, நோட்டையே வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுகிறேன்.