நீ திட்டிய அந்த எண்

அன்பு மகள் கயலுக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை.

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு போனில், "புரோகிராம்ல எண்ணிக்கை வைக்கிற ஒரு கவுண்டர் 2147483647-ல போய் முட்டிக்கிச்சுப்பா" என்று புலம்பினாய். நீ பாதி சொல்லும்போதே மீதி இலக்கங்களை நான் சொல்லி முடித்தேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாய். அதற்குள் ஆபீஸ் அழைப்பு வந்து வைத்துவிட்டாய். பதில் இதோ.

31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. 0, 1 மட்டுமே தெரிந்த உன் கணினிக்கு வரிசையாக 31 ஒன்றுகள். அதற்கு மேல் இடமில்லை, கூட ஒன்று சேர்த்ததும் மைனஸில் விழுகிறது. எனக்கு அது 214 கோடியைத் தாண்டிய ஒரு பகா எண்.

பகா எண் என்று 1772-லேயே காட்டியவர் கணித மேதை ஆய்லர். ஏறக்குறைய பார்வை போன நிலையில், பெர்னூலி என்ற சக கணித அறிஞருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இதைச் சொன்னார். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340 சொச்சம்; பகா எண்தானா என்று பார்க்க அதுவரை வகுத்தால் போதும். அதுவரையுள்ள பகா எண்கள் ஏறக்குறைய 4,800. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க யாரால் முடியும்? ஆனால் இதை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும், அதை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63தான் வரவேண்டும். இந்த ஒரு சல்லடையில் 373 எண்கள்தான் தங்கும். அதிலும் 249, 497 மாதிரி பகு எண்களைத் தள்ளிவிடலாம். கணக்கில் எனக்குப் பிடித்ததே இந்தச் சல்லடை வேலைதான், வகுப்பதெல்லாம் கூலிவேலை.

அந்தக் கூலிவேலையையும் செய்தேன். நீ ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம். முதலில் 311: ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303: மீதி 226. ஒரு மத்தியானம் மீதி பூஜ்யம் வந்துவிட்டது! ஆய்லரையே தப்பு என்று சொல்லப் போகிறோமோ என்று கை நடுங்கியது. அம்மா காபி டம்ளரோடு எட்டிப் பார்த்து, "இங்க கடன் வாங்கினதை மறந்துட்டீங்க" என்றாள். வகுப்பில் எத்தனை பிள்ளைகளை அதற்காகத் திட்டியிருப்பேன்! முப்பதாவது தாளோடு பள்ளி திறந்துவிட்டது.

6-இன் வகுத்திகள், அதைத் தவிர்த்து, 1, 2, 3, கூட்டினால் 6. இப்படிப்பட்டவற்றை நிறைவு எண் என்போம். உன் எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவதும் நிறைவு எண்தான்: 2305843008139952128. இதைவிடப் பெரியதை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத இதற்காக யார் மெனக்கெடுவார்கள் என்று 1811-ல் பார்லோ என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்தார். பாவம், 1876-லேயே லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர், உன் எண்ணைப் போலவே 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த 39 இலக்கப் பகா எண் ஒன்றை நிரூபித்துவிட்டார். அதிலிருந்து கிடைக்கும் நிறைவு எண் எவ்வளவு பெரியதென்று பார்த்துக்கொள்.

1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணிவரும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று இதே எண்ணில் வந்து நிற்குமாமே. நம் நேரத்துக்குக் காலை 8:44:07. செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நீ என் போனை எடுக்கமாட்டாய் என்று இப்போதே தெரியும்.

விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன். முதல் பன்னிரண்டு தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். கழித்தலை மட்டும் சரிபார்த்து அனுப்பு. கணினியில் போட்டுப் பார்க்காதே.

அன்புடன்,
அப்பா