ஈஈஜி (மூளை அலையைப் பதிவு செய்யும் டெஸ்ட்) அறைக்கு டெக்னீஷியன் நியமிக்கக் கோரி மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள்.

பொருள்: நம் அரசு மருத்துவமனையில் பூட்டிக் கிடக்கும் ஈஈஜி அறை – முந்தைய மனுக்களுக்குப் பதில் இல்லாதது – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை முன்பே கொடுத்திருக்கிறேன். துறைக்கு அனுப்பியதாகக் குறுஞ்செய்தி வந்ததோடு சரி.

1. என் மகன் ஐந்து மாதக் கைக்குழந்தை. பால் குடித்த சிறிது நேரத்தில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளும், முதுகு வில்லாய் வளையும். ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். இங்கே வலிப்பு என்று எழுதி பீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தார்கள். மருந்தின் மயக்கத்தில் பாலைக்கூடச் சப்பாமல் கிடந்தான்.

2. பிறகு மருத்துவக் கல்லூரியில் வீடியோ ஈஈஜி (குழந்தையை வீடியோ எடுத்துக்கொண்டே மூளை அலையையும் பதிவது) எடுத்தார்கள். உடம்பு முறுக்கிய நேரத்திலும் மூளை அலை சரியாகவே இருந்தது. வலிப்பே இல்லை, வயிற்றுப் பால் எதுக்களித்து மேலே ஏறுவதால் வரும் சாண்டிஃபர் சின்ட்ரோம் என்றார்கள். 1964லேயே மருத்துவ இதழில் எழுதப்பட்டதாம். எதுக்களிப்புக்கு மருந்து கொடுத்து, குடித்தபின் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள்; குறைந்துவிட்டது. வலிப்பு மருந்தையும் படிப்படியாக அவர்களே நிறுத்தினார்கள். நகல்கள் இணைத்துள்ளேன்.

3. அந்த ஒரு டெஸ்ட்டுக்காக நாங்கள் பட்ட பாடுதான் ஐயா இந்த மனு. பாலம் வேலையால் பஸ் ஆற்றுப் பாதையில் சுற்றிப் போவது தாங்கள் அறிந்ததே. குழந்தை அங்கே போய்ப் பால் குடித்துத் தூங்க வேண்டும், அப்போதுதான் எடுக்க முடியும் என்றார்கள். பசித்து அழுகிற பிள்ளையை எவ்வளவு நேரம் தட்டிக்கொண்டே இருப்பது? வழியில் கொடுத்தேன். குலுங்கலில் உடனே முறுக்க ஆரம்பித்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். கண்டக்டர் சாவிக்கொத்தை அவன் பிஞ்சுக் கைக்குள் திணித்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போனார். போய்ச் சேர்ந்தபோது தூங்கி எழுந்துவிட்டான், "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினார்கள். மறுநாள் அதே பஸ், அதே பாதை.

4. டாக்டர்களைக் குறை சொல்ல வரவில்லை. பார்க்க வலிப்பு மாதிரியேதான் இருக்கும். அதனால்தானே டெஸ்ட் வேண்டும்! மெஷின் இருக்கிறது, அறை இருக்கிறது, ஏசி இருக்கிறது. எடுக்க ஆள் இல்லை. ஆள் போடாமல் மெஷின் எதற்கு ஐயா? வலிப்பு இல்லாத பிள்ளைக்கு வலிப்பு மருந்து ஊற்றினோமே, யார் பதில் சொல்வார்கள்?

5. டெக்னீஷியன் போடுங்கள். வாரத்தில் ஒருநாளாவது போடுங்கள்.

6. கிராம சுகாதார நர்ஸ் வைத்திருக்கும் பதிவேட்டில் இன்னும் ‘வலிப்பு’ என்றே இருக்கிறது. அதை அடித்துத் திருத்த உத்தரவிடுங்கள்.

இந்த முறையாவது துறைக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லாமல், அந்த அறையைத் திறக்க ஆவன செய்யுமாறு தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்