காசில்லாமலும் சுவிஸ் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுவிட்சர்லாந்து பணக்காரர்களுக்கு மட்டுமே உரிய நாடு என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. யுங்ஃபிராவ் மலை ரயில் கட்டணம் மலைக்க வைப்பது உண்மைதான். ஆனால் லவுட்டர்புருன்னென் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவ்பாக் அருவியை ஊர்த் தெருவில் நின்றே பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. பெர்ன் நகரில் கோடையில் ஆரே ஆற்றில் நீந்துவதற்கும், கரையிலுள்ள மார்சிலி நீச்சல் குளத்துக்கும் கட்டணமில்லை. ஆற்றின் இழுப்பு கடுமையானது, நன்றாக நீந்தத் தெரியாதவர்கள் இறங்கவே கூடாது. பாசல், பெர்ன் நகர ஹோட்டல்களில் தங்குவோருக்கு உள்ளூர் பஸ், டிராம் பயணம் இலவசம். தெரு நீரூற்றுகளில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். 'குடிக்க உகந்ததல்ல' என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் இவற்றையும் விரிவாக எழுதுங்கள்.

- ஒரு வாசகர்