காலைப் பரிசோதனை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு அழற்சியும் சர்க்கரை நோயும் சேர்ந்தே வருவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். நல்ல செய்திதான், ஆனால் மாத்திரைகளின் பங்கை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அழற்சியை அடக்கினாலும் சர்க்கரையை ஏற்றிவிடும். அதுவும் காலையில் விழுங்கினால் பெரும்பாலும் பிற்பகலில்தான் ஏறும். மாற்று செய்துகொண்ட என் மைத்துனருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை லிட்டருக்கு 5.6 மில்லிமோல்தான், மதியம் பீன்ஸ் கறியும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால் 14!

டர்பன் வட்டார மருத்துவமனைகள், மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களிலாவது பிற்பகல் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லி, வீட்டுக்கு ஒரு குளுக்கோமீட்டரும் கொடுத்தனுப்பலாம்.

வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்