எதற்கு எதிரான எதிர்ப்புச் சக்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் மழைக்காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தியை மும்மடங்காக்குவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் காலடியிலேயே ஒரு மூலிகை மாவுக்கான விளம்பரமும் இருந்தது. கட்டுரை எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு மருமகள் அந்தப் பக்கத்தோடு வந்து நின்றாள். “அன்ரி, இதைக் குடித்தால் டெங்கு வராதாமே, பிள்ளைகளுக்கு வாங்கட்டுமா?”

அரசாங்க வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் குருதி பார்த்தே உத்தியோகக் காலத்தை முடித்தவள் நான். அந்த உரிமையில் கேட்கிறேன்: மும்மடங்கு என்றால் எதில் மும்மடங்கு?

லீஷ்மன் சாயம் ஏற்றிய குருதிப் பூச்சை நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஐந்து வகை வெண்குழியங்களைக் காணலாம். எல்லாம் சேர்த்து ஒரு கன மில்லிமீற்றருக்கு 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழமை. அவற்றில் நியூட்ரோபில்கள் மும்மடங்கானால் எங்கோ சீழ் பிடித்திருக்கிறது, குடல்வால் வீங்கியிருக்கிறது என்று வைத்தியர் தேடத் தொடங்குவார். செம்மஞ்சள் மணிகள் நிறைந்த இயோசினோபில்கள் கூடினால் குடற்பூச்சித் தொல்லையா, ஆஸ்துமாவா என்ற கேள்வி வரும். லிம்போசைட்டுகள் அளவுக்கு மீறிப் பெருகினால் சில வேளைகளில் அது குருதிப் புற்றுநோயாகவும் இருக்கும். ஒவ்வாமைக்காரரிடம் பெரும்பாலும் உயர்ந்திருப்பது ஐஜிஈ என்ற பிறபொருளெதிரி (அந்நியப் பொருளில் போய் ஒட்டும் புரதம்). நீங்கள் வாக்களிக்கும் மும்மடங்கு எங்கள் மேசைக்கு வந்தால் அறிக்கையில் சிவப்பு மையால்தான் கோடிடுவோம்.

கட்டுரைக்குப் போட்டிருந்த படத்தில் வெண்குழியங்களெல்லாம் தலைக்கவசம் அணிந்த படைவீரர்களாக நின்றன. படை பெருகினால் ஊருக்குப் பாதுகாப்பு என்ற கணக்கைத் திருகோணமலையில் இருப்பவர்களிடம் சொல்லி நம்பவைப்பது சற்றுக் கடினம். உடலிலும் அந்தக் கணக்குப் பொருந்தாது. 2025ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவரும் பெற்றது, எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் எதையும் கண்டுபிடித்ததற்காக அல்ல. அதை அடக்கி வைக்கும் ஏற்பாட்டை விளக்கியதற்காக. சகாகுச்சி 1995இல் அடையாளம் காட்டிய ஒழுங்குபடுத்தும் ரி-குழியங்கள் (லிம்போசைட்டுகளில் ஒரு வகை), மற்ற ரி-குழியங்கள் சொந்த உடலைத் தாக்காதபடி தடுத்து வைக்கின்றன. அவை உருவாகத் தேவையான மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளின் குடலும் தோலும் கணையமும் அவர்களுடைய சொந்த வெண்குழியங்களாலேயே தாக்கப்படுகின்றன. முடக்குவாதம், லூப்பஸ், சிறுவயதிலேயே இன்சுலின் ஏற்றவேண்டி வரும் நீரிழிவு ஆகியவற்றிலும் எதிர்ப்புச் சக்திக்குக் குறைவில்லை. அது வழிதவறியிருக்கிறது. இந்த நோயாளிகளில் பலர் அதை அடக்கத்தான் குளிசை எடுக்கிறார்கள். அவர்களும் உங்கள் ஞாயிறு இதழை வாசிக்கிறார்கள்.

உண்மையில் நிர்ப்பீடனம், அதாவது இந்த எதிர்ப்புச் சக்தி, இரண்டு விதமாக வேலை செய்கிறது. தோல், சளிப்படலம், கண்டதை விழுங்கும் தின்குழியங்கள் ஆகியவை பிறப்பிலேயே வருபவை. விரைவாக இயங்கும், வந்தது யாரென்று நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்காது. 1882இல் உயிரியலாளர் மெச்னிக்கோவ் நட்சத்திர மீனின் குடம்பியில் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் அதைச் சூழ்ந்து குழியங்கள் மொய்த்திருக்கக் கண்டது இவற்றைத்தான். மற்றது கற்றுக்கொள்ளும் பகுதி. லிம்போசைட்டுகளில் இன்னொரு வகையான பீ-குழியம் ஒவ்வொன்றும் ஒரேயொரு வடிவத்தை மட்டும் அறியும். அந்த வடிவத்தோடு ஒரு கிருமி வந்து பொருந்தினால் அந்தக் குழியம் பெருகிப் பிறபொருளெதிரியைச் சுரக்கும். முதல் முறை அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். பிறகு ஞாபகக் குழியங்கள் தங்கிவிடுவதால் அதே கிருமி திரும்பி வரும்போது வேலை வேகமாக நடக்கும். தடுப்பூசி செய்வதும் இதையே, நோயில்லாமல். சின்னமுத்து (தட்டம்மை) வைரஸ் இந்த ஞாபகத்தையே அழித்துவிடும் என்பது 2019இல் வெளியான ஆய்வுகளில் தெளிவாயிற்று. தடுப்பூசி போடாத பிள்ளைகளிடம், பிற நோய்களுக்கு எதிராக முன்பு சேர்ந்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 வீதம் வரை அந்த ஒரு காய்ச்சலோடு காணாமற் போயிருந்தன. எந்த மாவும் அவற்றைத் திருப்பித் தராது.

டெங்குவைப் பற்றித்தான் கட்டுரை பொறுப்பில்லாமல் பேசுகிறது. 2017 மார்ச்சில் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவாகினர். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒருவகை வந்து குணமானால் அதற்கு எதிரான பாதுகாப்பு நீண்டகாலம் நிலைக்கும்; மற்ற மூன்றுக்கும் எதிராகச் சில மாதங்களுக்குத்தான். அதன் பிறகு வேறொரு வகை தொற்றினால் பழைய பிறபொருளெதிரிகள் வைரஸில் போய் ஒட்டும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யமாட்டா. ஒட்டியதைத் தின்குழியம் விழுங்கும். வைரஸ் அதற்குள்ளேயே பெருகும். இரண்டாம் முறை வரும் டெங்குவில் ஆபத்துக் கூடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். தாயிடமிருந்து பிறபொருளெதிரி பெற்ற கைக்குழந்தைக்கு முதல் தொற்றிலேயே நோய் கடுமையாவதும் இதனால்தான். பழைய தொற்றின் பின் தங்கும் பிறபொருளெதிரியான ஐஜிஜி உயர்ந்திருக்கும் அறிக்கையைக் கண்டு “எதிர்ப்புச் சக்தி நல்லாயிருக்கிறது” என்று மகிழ்ந்த தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். என்ன சொல்வது அவர்களுக்கு?

டெங்குவுக்குக் கைமருந்தாகச் சொல்லப்படும் பப்பாசி இலைச்சாற்றைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. அதைக் குடித்துவிட்டுக் காய்ச்சல் விட்டதென்று வீட்டிலேயே படுத்திருப்பதுதான் என் பயம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் குருதிக்கலன்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும்.

சாப்பாடு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. புரதமும் உயிர்ச்சத்து ஏயும் நாகச்சத்தும் (சிங்க்) குறைந்த பிள்ளைக்குத் தொற்றுகள் அடிக்கடி வரும். குறையை நிரப்பினால் தேறும். குறையில்லாத பிள்ளைக்கு மேலதிகமாகக் கொடுத்து என்ன காணப்போகிறோம்? மாவுக்குக் கொடுக்கும் காசுக்குச் சந்தையில் கீரி மீனும் முருங்கையிலையும் பருப்பும் ஒரு வாரத்துக்கு வாங்கலாம். (கீரி புதிதாக இருக்கவேண்டும். பழுதான கீரியையோ சூரையையோ சாப்பிட்டு உடம்பு சிவந்து தடித்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. மீனிலேயே சேர்ந்துவிட்ட ஹிஸ்டமின். நிர்ப்பீடனத்துக்கு அதில் பங்கில்லை.)

விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். கட்டுரையையும் விளம்பரத்தையும் ஒரு தடித்த கோடு போட்டுப் பிரியுங்கள். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் இவ்வளவையும் போடுங்கள்: காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அதுவும் உரிய அளவில், அஸ்பிரின், புரூபன் வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் முழுக் குருதிப் பரிசோதனை. வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, சிறுநீர் குறைதல், குருதிக் கசிவு ஆகியவற்றில் எது கண்டாலும் நாள் எண்ணிக்கொண்டிராமல் வைத்தியசாலை. பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் ஒன்பதாம் மாதத்துக்கும் மூன்றாம் வயதுக்கும் உரிய சின்னமுத்து ஊசிகள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
உவர்மலை, திருகோணமலை.