ஆதார் நகலும் வருகைப் பதிவேடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் சென்ற வாரம் எனக்கு வடை மடித்துக் கொடுத்த தாள், முன்பின் அறியாத ஒரு பெண்மணியின் ஆதார் அட்டை நகல். எண்ணெய்க் கறைக்கு அடியிலும் முகமும் முகவரியும் பன்னிரண்டு இலக்கங்களும் தெளிவாகத் தெரிந்தன. அதற்கு இரண்டு நாள் முன்புதான், ஓர் அரசு அலுவலகத்தின் களப்பணியாளர் மூன்று மாதங்களில் எத்தனை நாள் பணிக்கு வந்தார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நான் அனுப்பிய மனுவுக்கு, ‘தனிப்பட்ட தகவல் என்பதால் வழங்க இயலாது’ என ஒற்றை வரியில் பதில் வந்திருந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமைக்கு வரம்பு உண்டென்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது; அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டத்தின் அடிப்படை வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும். குடிமகனை அரசிடமிருந்து காக்கப் பிறந்த இந்த உரிமை, இன்று அரசு அலுவலகத்தைக் குடிமகனிடமிருந்து காக்கப் பயன்படுகிறது என்பதே என் வருத்தம்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஜே) பிரிவு நிதானமாக எழுதப்பட்டிருந்தது. பொதுப் பணியோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மறுக்கலாம். பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம் என்றது அது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தன் 44(3) பிரிவால் அதைத் திருத்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இத்திருத்தத்துக்குப் பின், தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம். பொதுநலனைக் கருதித் தகவல் தர, தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே 8(2) பிரிவு இருக்கிறதே என்று அரசுத் தரப்பு சொல்கிறது. இருக்கிறதுதான், ஆனால், ‘தரலாம்’ என்று மட்டும் சொல்லும் பிரிவை நம்பித் தன் மேலதிகாரியின் கோபத்தைச் சம்பாதிக்கத் துணியும் பொதுத் தகவல் அலுவலரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த எல்லைக்கோட்டை நம் மாநிலத்து வழக்கொன்றே வரைந்திருக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறைத்துறை தடுக்க முனைந்தபோது, முன்கூட்டியே தடைபோட அரசுக்கு அதிகாரமில்லை என 1994இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசு அலுவலர்கள் தம் கடமை சார்ந்த நடத்தைக்கு அந்தரங்க உரிமை கோர முடியாது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. அந்தக் களப்பணியாளர் எந்த நோய்க்காக விடுப்பு எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லக் கூடாது. மக்கள் வரிப்பணத்தில் ஊதியம் வாங்கும் பணிக்கு அவர் வந்தாரா என்பது எப்படி அந்தரங்கமாகும்?

வேடிக்கை என்னவென்றால், அதே 2023 சட்டத்தின் 17(2) பிரிவின்படி, தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசே விலக்கு அளித்துக்கொள்ளலாம். நம் விவரம் அவர்களுக்குத் திறந்த வீடு, அவர்கள் பதிவேடு நமக்குப் பூட்டிய பெட்டி.

8(2) பிரிவைச் சுட்டிக்காட்டி, பொதுநலன் பரிசீலிக்கப்பட்டதா என்று கேட்டு முதல் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண்மணியின் ஆதார் நகலைக் கடை வாசலிலேயே துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூல ஊழியர் ஒருவர்,
திண்டுக்கல்.