பேருந்து ஓட்டுநர் இல்லைங்க, பஸ் டிரைவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், தமிழ்ல இதெல்லாம் எழுதுறாங்களேன்னு சந்தோஷமாத்தான் ஆரம்பிச்சேன், நடுவுல "கெர்னலுக்குப் பேருந்து ஓட்டுநரை உருவாக்குதல்"னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, காபி புரையேறிடுச்சு. எங்கம்மா பேப்பர வாங்கிப் பாத்துட்டு "இத்தனை வருஷமா ஆபீஸ்ல இதத்தான் பண்றியாடா"ன்னு கேக்குறாங்க.

நான் அம்பத்தூர்ல ஒரு சின்ன கம்பெனில டிரைவர் எழுதுற ஆளு. இங்க பஸ்னா போர்டுல சிப்புக்கும் சிப்புக்கும் நடுவுல டேட்டா போற கம்பி, டிரைவர்னா கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) சார்பா அந்தக் கம்பிய மேய்க்கிற புரோகிராம், அவ்ளோதான். (நியாயமா பாத்தா ரெண்டு பஸ்ஸுமே ஆம்னிபஸ்ங்கற லத்தீன் வார்த்தைலேருந்து வந்ததுதான், 'எல்லாருக்கும்'னு அர்த்தம், அதனால உங்க மொழிபெயர்ப்பாளரை ரொம்ப திட்டவும் மனசு வரல.)

அதவிட உறுத்தினது "இலவசம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம்"ங்கற வரி. வீட்ல காப்பி எடுத்து வச்சு என்ன வேணா மாத்துங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா லினக்ஸ ஆரம்பிச்ச டோர்வால்ட்ஸ் வச்சிருக்குற மெயின் கெர்னலுக்குள்ள உங்க கோடு போகணும்னா அது வேற கதை.

நான் எழுதினது ஐ2சி பஸ்ஸுக்கு. 1982ல பிலிப்ஸ் கொண்டு வந்தது, ரெண்டே கம்பி, ஒண்ணு கிளாக் ஒண்ணு டேட்டா, போன் டச் ஸ்கிரீன்லேருந்து டெம்பரேச்சர் சென்சார் வரைக்கும் இதுலதான் தொங்குது. எட்டு பிட் போனதும் ஒன்பதாவது கிளாக்ல எதிர்ல இருக்குற சிப் டேட்டா கம்பிய கீழ இழுத்தா 'வந்துச்சுப்பா'ன்னு அர்த்தம். என் டிரைவர் வேலை முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு நிலைமைய காட்டுற ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரையே பாத்துட்டு நிக்கும், ஒரு வைல் லூப், அதாவது முடியிற வரைக்கும் சுத்திட்டே இருக்குற கோடு, என் டேபிள்ல மாசக்கணக்கா ஓடிச்சு, நானும் சூப்பர்னு நெனச்சு பேட்ச் (கெர்னல்ல சேக்க வேண்டிய கோடு) அனுப்பினேன். மெயில்லதான் அனுப்பணும், அட்டாச்மென்ட் கூடாது, என் மெயில் சாப்ட்வேர் டேப் எல்லாத்தையும் ஸ்பேஸா மாத்திடுச்சு, பேட்ச் ஒட்டவே இல்ல, மானம் போச்சு. திரும்ப அனுப்பினா கெர்னல பாத்துக்குறவங்ககிட்டேருந்து ஒரு கேள்வி வந்துச்சு, சிப் பதிலே சொல்லலைன்னா இந்த லூப் எப்ப முடியும்னு. முடியாதுங்க. டைம்அவுட் (இவ்ளோ நேரந்தான்னு ஒரு கெடு) வச்சு எரர் திருப்பிக் கொடுன்னாங்க, கூடவே பஸ் நடுவுல சிக்கி நின்னுட்டா என்ன பண்ணுவன்னும் கேட்டாங்க, அதெல்லாம் நடக்காதுன்னு நான் அசட்டையா இருந்தேன்.

நடந்துச்சு. கஸ்டமர் இடத்துல ஒரு போர்டு சென்சாரை படிச்சிட்டு இருக்கும்போதே ரீசெட் ஆயிடுச்சு, சென்சார் அந்த நேரம் பாத்து ஒரு பூஜ்யத்த (கம்பிய கீழ இழுத்தா பூஜ்யம்) அனுப்பிட்டு இருந்திருக்கு, அடுத்த கிளாக் வரும் வரும்னு டேட்டா கம்பிய புடிச்சிக்கிட்டே நிக்குது. ரீபூட் பண்ணாலும் சரியாகல, ஏன்னா சென்சாருக்கு கரன்ட் போயிட்டேதான இருக்கு. கம்பில வோல்டேஜ காட்டுற ஸ்கோப்ல பாத்தா கிளாக் 3.3 வோல்ட்ல நிக்குது, டேட்டா தரையோட தரையா படுத்துக் கெடக்கு. வைத்தியம் என்னன்னா ஒன்பது தடவை வரைக்கும் கிளாக்க சும்மா தட்டுறது, மிச்ச பிட்ட கொட்டிட்டு சிப் கைய விட்ரும். அதுக்கு கெர்னல்ல ரெடிமேடா ஃபங்ஷனே இருக்கு, சிப்போட எந்தெந்த பின்னுன்னு மட்டும் காட்டிவிட்டா போதும், அத சேத்ததுக்கு அப்புறம் அஞ்சாவது வெர்ஷன்தான் உள்ள போச்சு.

கடைசில நம்ம பேரப் போட்டு 'இத கொடுக்க எனக்கு உரிமை இருக்கு'ங்கற மாதிரி ஒரு வரியும் எழுதணும், எஸ்சிஓ கம்பெனி 'எங்க கோட லினக்ஸ்ல போட்டுட்டாங்க'ன்னு 2003ல ஐபிஎம் மேல கேஸ் போட்டதுக்கு அப்புறம் 2004ல வந்த வழக்கம் அது. இவ்ளோ கெடுபிடி இருக்குற இடத்தப் போயி யார் வேணா மாத்தலாம்னு எழுதிட்டீங்க.

சென்னை ஐஐடில சக்தின்னு ப்ராசசரே டிசைன் பண்ணிருக்காங்க, அந்த மாதிரி சிப்புக்கெல்லாம் யாராவது உக்காந்து இந்த டிரைவர எழுதித்தான ஆகணும், அத பத்தி ஒரு கட்டுரை போடுங்களேன். திருத்தம் போடுறதா இருந்தா பேருந்த மட்டும் எடுத்துடுங்க, ஓட்டுநர் இருக்கட்டும், அம்மாவுக்கு புடிச்சுப்போச்சு.

இப்படிக்கு,
அம்பத்தூர் வாசகர்